கிளியரிங் மேசையிலிருந்து க்யூஆர் அட்டை வரை

(நம் குடியிருப்போர் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"டிஜிட்டல் மாற்றமும் தொழில்களும்" என்று தலைப்புக் கொடுத்து அரை மணி நேரம் பேசச் சொன்னார் நம் செயலாளர். நான் கணினி படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, 1982இல் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். எனவே கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்ல முடியும். ஆனால் இந்தியாவில் டிஜிட்டல் மாற்றத்தை முதலில் சந்தித்த தொழில்களில் வங்கித் தொழில் ஒன்று. அதன் கதை தெரிந்தால் மற்ற தொழில்களின் கதையும் பாதி புரிந்துவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இன்றைய கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக ஒரு தீர்மானம் வைத்திருக்கிறார்கள். அடுத்த காலாண்டிலிருந்து பராமரிப்புக் கட்டணத்தைச் செயலி வழியாக மட்டுமே கட்ட வேண்டும், செக் வாங்கப்பட மாட்டாது என்பது அந்தத் தீர்மானம். அதற்கு நீங்கள் கை தூக்குவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேளுங்கள் என்றுதான் இந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஒரு மேசையைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நீங்கள் ஒரு செக்கைக் கொண்டுவந்து கொடுத்தால், அதன் மேல் கிளியரிங் முத்திரை குத்துவோம். எந்த வங்கியின் செக் என்று பார்த்துப் பிரித்து, பட்டியல் போட்டு, கூட்டி, கட்டுக் கட்டாகக் கட்டுவோம். அந்தக் கட்டுகள் கிளியரிங் ஹவுஸுக்குப் போகும். அங்கே எல்லா வங்கிகளின் ஆட்களும் உட்கார்ந்திருப்பார்கள். டெபாசிட் பிடிப்பதில் நேற்று வரை எங்களோடு போட்டி போட்ட வங்கியின் ஆள் பக்கத்து நாற்காலியில் இருப்பார். "உங்க செக் இவ்வளவு, எங்க செக் இவ்வளவு" என்று கட்டுகளை மாற்றிக்கொள்வோம்.

இதில் வணிகவியல் படித்தவர்களுக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. அந்த வங்கி எங்களுக்குப் பத்து லட்சம் தர வேண்டும், நாங்கள் அவர்களுக்கு எட்டு லட்சம் தர வேண்டும் என்றால், பதினெட்டு லட்சம் கை மாறாது. நிகரமான இரண்டு லட்சம் மட்டும் ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்குகளுக்குள் மாறும். எல்லா வங்கிக்கும் சேர்த்து இப்படிக் கணக்கு முடித்துவிட்டு எழுந்து போவோம்.

யோசித்துப் பாருங்கள். வெளியே போட்டி, மேசையில் ஒத்துழைப்பு. போட்டியாளர்கள்தானே என்று ஒருவர் மேசைக்கு வர மறுத்தால் அவருடைய செக்கை எவரும் வாங்க மாட்டார்கள். வங்கித் தொழில் முழுவதும் இந்த மேசையின் மேல்தான் நின்றது. பின்னால் வந்த ஒவ்வொரு மாற்றமும் இதே மேசையைக் கொஞ்சம் பெரிதாக்கியது, கொஞ்சம் வேகமாக்கியது. அவ்வளவுதான்.

உங்கள் செக்கின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டையில் வளைந்த எழுத்தில் எண்கள் இருக்கும். அதில் ஒன்பது இலக்க எண் ஒன்று உண்டு. முதல் மூன்று இலக்கம் ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. சென்னை என்றால் 600 என்று தொடங்கும். காந்த மையில் அச்சடித்த இந்த எண்களை இயந்திரம் படித்து, செக்குகளைத் தானே பிரித்துவிடும். 1980களில் இது நம் பெரிய நகரங்களுக்கு வந்தது. இயந்திரம் வாங்குவது பெரிய வேலை அல்ல. எல்லா வங்கியும் ஒரே அளவில், ஒரே தரத் தாளில், ஒரே இடத்தில் எண் போட்டுச் செக் அச்சடிக்கச் சம்மதிக்க வேண்டும். அதுதான் பெரிய வேலை.

அந்தச் சமயத்தில்தான் வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 1984இல் அறிக்கை கொடுத்தது. நான் அப்போது சங்கக் கொடி பிடித்தவன். "கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும்" என்று வாயில் கூட்டத்தில் கோஷம் போட்டிருக்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. தொழிற்சங்கங்களும் வங்கி நிர்வாகங்களும் உட்கார்ந்து பேசி, எத்தனை இயந்திரம், எந்தக் கிளையில், யாருக்குப் பயிற்சி என்று ஒப்பந்தம் போட்ட பிறகுதான் கணினி படிப்படியாக உள்ளே வந்தது. தாமதம் என்று அன்றைக்கே பலர் குறை சொன்னார்கள். ஆனால் அந்தத் தாமதத்தில்தான் என்னைப் போன்றவர்கள் கற்றுக்கொண்டோம். எனக்கு விசைப்பலகையைச் சொல்லிக்கொடுத்தவர் என்னைவிடப் பதினைந்து வயது இளைய பெண். "சார், அழுத்தி அடிக்காதீங்க, அது டைப்ரைட்டர் இல்ல" என்பார்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. தேதிகளை மட்டும் சொல்கிறேன், உங்களுக்கே நினைவு வரும். 2004 மார்ச்சில் ஆர்டிஜிஎஸ். 2005 நவம்பரில் நெஃப்ட். ஒரு வங்கியின் அட்டையை இன்னொரு வங்கியின் ஏடிஎம்மில் போட்டுப் பணம் எடுக்க வழி செய்த தேசிய நிதி இணைப்பு 2004இல். செக்கை அனுப்பாமல் அதன் படத்தை மட்டும் அனுப்பும் சிடிஎஸ் முறை முதலில் டெல்லியில் 2008இல், சென்னையில் 2011 செப்டம்பரில். முன்பெல்லாம் வெளியூர் செக்கைக் கலெக்‌ஷனுக்குப் போட்டால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வாடிக்கையாளர் தினமும் வந்து நிற்பார், நாங்கள் தினமும் "நாளைக்குப் பாருங்க" என்போம். 2025 அக்டோபர் 4 முதல், பகலில் ஸ்கேன் செய்த செக்குக்குப் பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்றைக்கு மாலை 7 மணிக்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது.

இப்போது யூபிஐக்கு வருகிறேன். 2008இல் ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகள் சங்கம் இரண்டின் முயற்சியால் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் தொடங்கப்பட்டது. இலாப நோக்கம் இல்லாத நிறுவனம். அதைத் தொடங்கிய பத்து வங்கிகளின் பெயரைப் பாருங்கள். ஸ்டேட் வங்கி, கனரா வங்கி போன்ற அரசு வங்கிகள் இருந்தன. ஐசிஐசிஐ, எச்டிஎஃப்சி என்ற தனியார் வங்கிகள் இருந்தன. சிட்டி, எச்எஸ்பிசி என்ற வெளிநாட்டு வங்கிகளும் இருந்தன. ஒருவர் வாடிக்கையாளரை இன்னொருவர் இழுக்க அன்றாடம் பாடுபட்ட வங்கிகள் இவை. அவர்கள் சேர்ந்து போட்ட பாதையில்தான் 2016 ஏப்ரலில் யூபிஐ வந்தது. அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் தொடங்கி வைத்தார். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் அதில் நடந்தன.

நம் வாசலில் காய்கறி வண்டிக்கார அம்மாவுக்கு நீங்கள் நாற்பது ரூபாய் அனுப்பும்போது என்ன நடக்கிறது? உங்கள் செயலி ஒரு நிறுவனத்தினுடையது. உங்கள் கணக்கு ஒரு வங்கியில். அந்த அம்மாவின் அட்டை வேறொரு நிறுவனம் கொடுத்தது. அவர் கணக்கு இன்னொரு வங்கியில். நடுவில் கழகத்தின் இணைப்பு. இத்தனை பேரும் சில விநாடிக்குள் ஒருவரை ஒருவர் நம்பியாக வேண்டும். நாற்பது ரூபாய் உங்கள் கணக்கில் கழிந்து அவர் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆனால் வங்கிக்கும் வங்கிக்கும் இடையே அந்த நாற்பது ரூபாய் அப்போதே போவதில்லை. ஒரு நாளில் பல தவணைகளாக, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று நிகரக் கணக்குப் போட்டு முடிக்கிறார்கள். நான் சொன்ன அந்தப் பழைய மேசை எங்கேயும் போகவில்லை. நாற்காலியில் ஆட்கள்தான் இல்லை.

தெருமுனை மளிகைக் கடைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கல்லாப்பெட்டி மேல் நான்கு அட்டைகள் ஒட்டியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு செயலிக்கும் ஓர் அட்டை. வாடிக்கையாளர் எந்தச் செயலி என்று கடைக்காரர் கேட்க வேண்டியிருந்தது. 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. தனக்கு மட்டும் பொருந்தும் அட்டையை இனி எவரும் புதிதாகக் கொண்டுவரக் கூடாது, இருப்பவர்களும் 2022 மார்ச்சுக்குள் பொது முறைக்கு மாற வேண்டும் என்றது. இப்போது ஓர் அட்டை போதும், எந்தச் செயலியாலும் பணம் கட்டலாம். செயலி நிறுவனங்களுக்கு அது பிடித்திருக்குமா என்பது வேறு விஷயம். கடைக்காரருக்கு நிம்மதி.

ஆனாலும் அவருக்குப் பிரச்சினை தீரவில்லை. அட்டை முதலாளியின் கணக்கோடு சேர்ந்தது. பணம் வந்த செய்தி முதலாளியின் போனுக்குப் போகும். மதியம் அவர் சாப்பிடப் போனால் கடைப் பையனுக்குப் பணம் வந்ததா இல்லையா என்று தெரியாது. சிலர் பழைய படத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு அந்தப் பேசும் பெட்டி வந்தது. "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று அது சத்தமாகச் சொன்ன நாளிலிருந்துதான் அவர் தைரியமாக அட்டையை முன்னால் வைத்தார். அவருக்கு எது இடைஞ்சல் என்று யாரோ வந்து நின்று பார்த்திருக்கிறார்கள், அதற்கேற்றபடி பொருள் செய்திருக்கிறார்கள். மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்புவது, வாட்ஸாப்பில் நம் வீட்டுப் பட்டியலை வாங்கிச் சாமானை அனுப்புவது எல்லாம் அவருடைய மகள் சொல்லிக்கொடுத்தது. இதுவும் ஒத்துழைப்புதான்.

இனி நான் சொல்லப் போவது எனக்குச் சங்கடமான விஷயம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது.

கவுண்டரில் கூட்டத்தைக் குறைக்கச் சொல்லி எங்கள் கிளைக்கு உத்தரவு வந்திருந்தது. சிறிய தொகை எடுக்க வருபவர்களை ஏடிஎம்முக்கு அனுப்ப வேண்டும். எழுபது வயது தாண்டிய ஒருவர் மாதா மாதம் முதல் வாரம் வருவார். பணம் எடுக்கும் சீட்டை வீட்டிலேயே எழுதி, பாஸ்புக்குக்குள் மடித்து வைத்துக்கொண்டு வருவார். அன்றைக்கு எட்டாயிரம் ரூபாய் கேட்டார். "ஐயா, இதுக்கெல்லாம் இங்கே நிக்க வேண்டாம், வெளியே மெஷின்ல எடுத்துக்கோங்க" என்றேன். அவரிடம் அட்டை இருந்தது, கவர் பிரிக்காமல். அதைப் பிரித்துக் கையில் கொடுத்து அனுப்பினேன். எழுந்து அவரோடு போகவில்லை. என் முன்னால் இருபது பேர் நின்றார்கள்.

நான்கு நாள் கழித்து பாஸ்புக்கோடு வந்தார். இயந்திரத்தின் முன் திகைத்து நின்றவருக்கு ஓர் இளைஞன் "உதவி" செய்திருக்கிறான். எண்ணைக் கேட்டு வாங்கி, பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அட்டையை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறான். அதன்பின் மூன்று தடவையாக முப்பதாயிரம் ரூபாய் போயிருந்தது. நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "நம்பரை ஏன் சொன்னீங்க?" என்பது. அவர் கோபப்படவில்லை. "நீங்கதானே தம்பி அங்கே போகச் சொன்னீங்க" என்றார்.

புகார் எழுதிக் கொடுத்தேன், போலீஸ் நிலையத்துக்கும் உடன் போனேன். ரகசிய எண்ணைத் தானே சொன்னதால் வங்கி பொறுப்பில்லை என்று பதில் வந்தது. விதிப்படி அது சரி. பணம் திரும்பவில்லை. அவரும் அதன்பின் எங்கள் கிளைக்கு வரவில்லை, மகன்தான் வந்து கணக்கை முடித்தார்.

ஒத்துழைப்பு என்று நான் இவ்வளவு நேரம் சொன்னேனே, வங்கிக்கும் வங்கிக்கும், வங்கிக்கும் செயலி நிறுவனத்துக்கும் நடுவே அது நன்றாகவே நடந்தது. வரிசையில் கடைசியாக நின்ற அந்தப் பெரியவரோடு ஒத்துழைக்க வேண்டியவன் நான். நான்தான் எழுந்து போகவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு நான்காவது தீர்மானத்துக்கு வாருங்கள். நம் பொருளாளரின் சிரமம் எனக்குத் தெரியும். 96 வீடுகளில் 11 வீடுகள் இன்னும் செக் கொடுக்கின்றன. அதை எழுதி, வங்கிக்கு எடுத்துப் போய், ரசீது போட வேண்டும். ஆனால் அவருக்கு உண்மையான தலைவலி அந்த 11 வீடுகள் அல்ல. போன மாதக் கணக்கைப் பார்க்க அவரோடு உட்கார்ந்தேன். செயலியில் கட்டிய வீடுகளில்தான், எந்த வீடு என்று தெரியாமல் ஆறு தொகைகள் நின்றன. கணவர் வீட்டுக்கு மனைவி கணக்கிலிருந்து, வாடகைக்காரருக்குப் பதில் அவர் தம்பி கணக்கிலிருந்து என்று வந்திருக்கின்றன. செக்கின் பின்னால் வீட்டு எண் எழுதியிருக்கிறது, செயலியில் வந்த பணத்தில் இல்லை!

எனவே தீர்மானத்தை இப்படித் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, பொது விதி. எந்த வழியில் கட்டினாலும் குறிப்புப் பகுதியில் பிளாக் எழுத்தும் வீட்டு எண்ணும் மாதமும் ஒரே முறையில் எழுத வேண்டும். செக்கின் அடியிலுள்ள ஒன்பது இலக்கம் செய்த வேலையை நமக்கு இது செய்யும். பொருளாளரின் வேலை பாதியாகும்.

இரண்டாவது, செயலி இருக்கட்டும், செக்கும் இருக்கட்டும். மாதம் 10ஆம் தேதி வரை காவலர் அறையில் ஒரு பெட்டி வைப்போம். வங்கிக்கு எடுத்துப் போக நான் இருக்கிறேன். எனக்கு அந்த வழி பழக்கம். செக் கொடுப்பவர்கள் ஒன்று மட்டும் கவனியுங்கள். தொகையிலோ பெயரிலோ அடித்தல் திருத்தல் இருந்தால் சிடிஎஸ் முறையில் எடுக்க மாட்டார்கள். புதிய செக் எழுதுங்கள்.

மூன்றாவது, சனிக்கிழமை காலை 11 முதல் 12 வரை நூலக அறையில் ஒரு மேசை. என்னைப் போல ஓய்வு பெற்ற ஒருவர், கல்லூரியில் படிக்கும் ஒருவர். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் வரலாம். அந்த மேசைக்கு ஒரே கட்டுப்பாடு: சொல்லித் தருகிறவர் போனைக் கையில் வாங்கக் கூடாது, ரகசிய எண் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, லிஃப்டுக்குள் ஓர் அறிவிப்பு ஒட்டுவோம். அதில் நான்கு வரி போதும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை, எவராவது கேட்டால் அது மோசடி. ஓடிபியை வங்கி ஊழியர் உட்பட எவரிடமும் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பணம் கழிந்து எதிராளிக்குப் போகாவிட்டால் பதற வேண்டாம். யூபிஐயில் தனி நபருக்கு அனுப்பியது என்றால் அடுத்த நாளுக்குள்ளும், கடைக்குக் கட்டியது என்றால் ஐந்து நாளுக்குள்ளும் திரும்ப வர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019இலேயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது.

ஓர் ஆண்டு இப்படி நடத்திப் பார்ப்போம். அந்த 11 வீடுகள் ஐந்தாகலாம், மூன்றாகலாம். அவர்களாகவே மாறினால் மாறட்டும். கடைசி வரை ஒரே ஒருவர் செக் கொடுத்தாலும் அதை வாங்கிக்கொள்வோம்.

இளைஞர்கள் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். பெரியவர்களும் "எனக்கு இதெல்லாம் வராது" என்று முதலிலேயே கதவைச் சாத்தாதீர்கள். வாயில் கூட்டத்தில் கோஷம் போட்ட நானே இன்றைக்கு மின் கட்டணத்தைப் போனில் கட்டுகிறேன். விசைப்பலகையை இன்னும் அழுத்தித்தான் அடிக்கிறேன், அது வேறு.

வருகிற சனிக்கிழமை 11 மணிக்கு நான் நூலக அறையில் இருப்பேன். தீர்மானம் எப்படிப் போனாலும் இருப்பேன். போனும் மூக்குக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.